ஸ்கில் மேடமும் ஆடி மாதமும்

நகரி பஸ் நிலையத்துக்கு எதிரே, கம்பெனி அனுப்பிய வெள்ளை பஸ் காலை எட்டு மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தது. பாதி இருக்கைகள் காலி. தேவசேனா மறுபடியும் உள்ளே ஏறித் தலைகளை எண்ணிவிட்டு இறங்கினாள். திரும்பத் திரும்ப எண்ணினால் தலை முளைக்குமா என்ன? அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் எண்ணினாள்.

"மத்த பொண்ணுங்கல்லாம் எங்க, சிட்டிபாபு?"

"வந்துக்கினே இருப்பாங்க மேடம்."

சிட்டிபாபு நகரிப் பயிற்சி மையத்தின் பொறுப்பாளன். ஒரு காலத்தில் ஜூனியர் காலேஜில் தேவசேனாவிடமே இங்கிலீஷ் படித்தவன். எட்டு மணிக்கும் இதைத்தான் சொன்னான், எட்டரைக்கும் இதைத்தான் சொன்னான். அவள் முகத்தைப் பார்க்காமல் பஸ்ஸின் டயரைப் பார்த்தே சொன்னான். டயருக்கு அதில் நம்பிக்கை இருந்ததோ என்னவோ, தேவசேனாவுக்கு இல்லை.

வகுப்பறையில் இருபது வருஷம் தொண்டை கிழியக் கத்தியவள் அவள். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள், நாலு பேர் முன்னால் நின்று தன் பெயரைச் சொல்லத் தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவள். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், பாஸ் பண்ணுவது வேறு, வேலைக்குத் தயாராவது வேறு என்று ஆரம்பித்துவிடுவாள். அந்த வாய்க்காகவே ஆந்திர அரசாங்கம் அவளைச் சித்தூருக்கு டெபுடேஷனில் அழைத்து மாவட்டத் திறன் மேம்பாட்டு அதிகாரி ஆக்கியது. பதவியின் பெயர் ரொம்ப நீளமாக இருந்ததால் ஜனங்கள் அதைச் சுருக்கி ஸ்கில் மேடம் என்று வைத்துக்கொண்டார்கள்.

நகரி மையம் அவள் சண்டை போட்டு வாங்கியது. நகரியில் எதற்கு, அங்கேதான் எல்லாரும் தறி ஓட்டுகிறார்களே என்று கேட்ட ஒவ்வொரு மேஜை முன்னாலும் போய் நின்று, தறி ஓட்டுகிற வீட்டுப் பெண்கள் வேறு வேலை செய்யக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டு வாங்கியது. அந்த மையத்தின் கழுத்தில்தான் இப்போது கத்தி. இந்த பேட்சில் இருபது பெண்களாவது வேலையில் சேர வேண்டும், இல்லாவிட்டால் மையத்தை மூடி மிஷின்களை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து கறாராகச் சொல்லிவிட்டார்கள். வடமாலபேட்டையைத் தாண்டித் திருப்பதி போகிற வழியில், செல்போன் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனி மொத்த பேட்சையும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. இன்டர்வியூவுக்கு அவளே மையத்துக்கு வந்து வகுப்பெடுத்தாள். அது முடிந்து ஆர்டர் பேப்பரும் எல்லார் கைக்கும் வந்தாயிற்று. போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி.

இந்தச் சேர்வதற்குள்தான் தேவசேனாவின் உயிர் போய் உயிர் வந்துகொண்டிருந்தது. கம்பெனி முதலில் குறித்த நாள் ஜூலை ஆரம்பத்தில். கார்வேட்டிநகரம் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்கள் கூட்டமாக வந்து, ஆஷாட மாசத்தில் பெண்ணைப் புது வேலைக்கு அனுப்ப மாட்டோம் என்று நின்றுவிட்டன. அவள் திருப்பதிக்கு ஓடினாள். கம்பெனியில் ஆள் எடுக்கிற மேனேஜர் சுரேஷ்பாபு தலையைப் பிடித்துக்கொண்டார். "மேடம் காரு, எங்க ஃபேக்டரி பஞ்சாங்கம் பாத்து ஓடறதில்ல" என்று தெலுங்கில் சொன்னார். அவள் கெஞ்சி, கொஞ்சம் மிரட்டி, இரண்டு காபி குடித்து, ஆஷாடம் முடிந்த பிறகு வருகிற முதல் திங்கட்கிழமைக்கு நாளைத் தள்ளி வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தத் திங்கட்கிழமைதான் இன்று. ஆபீஸ் சுவரில் தொங்குகிற காலண்டரில் சிராவணம் பிறந்திருந்தது. கார்வேட்டிநகரத்துப் பெண்கள் பூ வைத்துக்கொண்டு பஸ்ஸில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

வராதவர்கள் எல்லாரும் நகரிப் பெண்கள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வீடு.

"சிட்டிபாபு, என் முகத்தைப் பாரு. எதுக்கு வரல?"

அவன் மென்று விழுங்கினான். "ஆடி, மேடம்."

"இன்னா ஆடி? ஆஷாடம் முடிஞ்சி போச்சேடா."

"ஆஷாடம் தெலுங்குக்காரங்களுக்கு முடிஞ்சிச்சி மேடம். நம்பளுக்கு ஆடி இப்பதான் பொறந்து கீது. ஆவணிக்குத்தான் அனுப்புவேன்றாங்க."

தேவசேனா தலையில் அடித்துக்கொண்டாள். குடிபாலாவில் தமிழ் வீட்டில் பிறந்தவள் அவள். தெலுங்குக்காரர்கள் அமாவாசையோடு மாதத்தை முடித்துக்கொள்வார்கள், நம் கணக்கு வேறு, ஆடி அதற்கப்புறமும் இழுத்துக்கொண்டு போகும் என்பது ஐந்தாம் வகுப்பிலேயே அவளுக்குத் தெரியும். ஆபீஸ், ஃபைல், மீட்டிங் எல்லாவற்றிலும் தெலுங்கே பேசிப் பேசி, சுவரில் தொங்கிய காலண்டரையே ஊருக்கெல்லாம் காலண்டர் என்று நினைத்துவிட்டாள். இதில் கொடுமை என்னவென்றால், கம்பெனி முதலில் சொன்ன நாள் ஆனி மாதத்தில் இருந்தது. நகரிக்காரர்கள் அன்றைக்கே சந்தோஷமாக அனுப்பியிருப்பார்கள். நல்ல மாதத்தில் இருந்த நாளைக் கெஞ்சிக் கூத்தாடி ஆடியில் கொண்டுவந்து வைத்தவள் சாட்சாத் அவள்தான்.

"நாள் மாத்தறப்பவே உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும் மேடம்."

"ஏன்டா சொல்லல? வாயில கொழுக்கட்டையா?"

"நீங்க அவ்ளோ கஷ்டப்பட்டு மாத்தினு வந்தீங்க. அது சரியில்லன்னு நான் எப்படிச் சொல்றது?"

அவனை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பாள், போன் அடித்தது. சுரேஷ்பாபு. இன்று சாயங்காலம் நாலு மணிக்குள் பெயர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், அதற்கு மேல் காலி இடத்துக்கு வேறு ஜில்லா ஆட்கள் தயாராக நிற்கிறார்கள் என்றார். பஸ் கிளம்பிவிட்டதா என்று கேட்டார். கிளம்பிக்கொண்டே இருக்கிறது என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். சிட்டிபாபுவின் பாஷை அவளுக்கும் தொற்றிக்கொண்டது.

"யார் வீட்டுக்குப் போனா தெரு மொத்தமும் அசையும்?"

"கங்கம்மா வீடு, மேடம். அவங்க பொண்ணு தேவயானிதான் பேட்ச்ல ஃபர்ஸ்ட். கங்கம்மா அனுப்பினா மத்தவங்க தானா அனுப்பிடுவாங்க."

கங்கம்மாளின் வீடு புது காங்கிரீட் வீடு. முன்கட்டில் இரண்டு பவர்லூம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் வணக்கம் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. கங்கம்மாளின் புருஷன் நாகபூஷணம் கையை நெஞ்சில் வைத்து மரியாதை செய்துவிட்டு, எதுவாக இருந்தாலும் அவளைக் கேளுங்கள் என்பதுபோல் பெண்டாட்டி பக்கம் கையைக் காட்டிவிட்டு மறுபடியும் தறிக்குள் குனிந்தான். கங்கம்மாள் ஒரு தறியை நிறுத்தி, பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்க மேடம். காபி துளி குடிக்கிறீங்களா?"

"காபி வேணாங்க்கா. பஸ் நிக்குது. பொண்ணை அனுப்புங்க."

"அனுப்பாம இன்னா மேடம். நீங்க பாத்துக் குடுத்த வேலை. ஆடி போவட்டும். ஆவணி மொதல் முகூர்த்தத்துல நானே கூட்டினு வந்து உட்டுட்டுப் போறேன்."

"ஆவணியில அங்க வேலை இருக்காது."

"இருக்கும் மேடம். கம்பெனி எங்க ஓடிப் போவுது?"

இவ்வளவு மரியாதையாக ஒருவர் உயிரை வாங்க முடியும் என்று தேவசேனாவுக்குத் தெரியும், இருபது வருஷம் பெற்றோர் கூட்டம் நடத்தியவளாயிற்றே. அவள் தறியைக் காட்டினாள்.

"ஆடியில தறி மட்டும் ஓடுது. அதுல வர்ற காசு மட்டும் ஆகுமா?"

"அது பழைய வேலை மேடம். பழைய வேலை ஓடினே இருக்கலாம். ஆடியில புதுசா ஆரம்பிக்கத்தான் கூடாது."

கங்கம்மாள் பிடி கொடுக்கவே மாட்டாள் போலிருக்கிறது. தெருவில் நாலைந்து அம்மாக்கள் வாசலுக்கு வந்து நின்று, இங்கே என்ன முடிவாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள். ஒருத்தியாவது முகத்துக்கு நேரே, உன் வேலையும் வேண்டாம் நீயும் வேண்டாம் என்று கத்தியிருந்தால் தேவசேனாவுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். எரிச்சலோடு நிமிர்ந்தவளின் கண்ணில் சுவரின் புது பெயின்ட் பட்டது.

"இந்த வீட்டுக்கு எப்பக்கா குடி வந்தீங்க?"

"போன வருசம்தான் மேடம். ஆடி பொறந்து பத்து நாள் இருக்கும்."

"ஆடியிலயா குடி வந்தீங்க?"

"சாமான்தான் ஆடியில ஏத்தினு வந்தோம். ஆனியிலயே பால் காச்சிட்டமே."

தேவசேனா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஆர்டர் பேப்பர் உங்க கையில எப்ப குடுத்தேன்?"

"ஆனியில."

"சாமி படத்தாண்ட வச்சீங்களா?"

"வைக்காம? வச்சி, தேங்கா ஒடச்சி, கற்பூரம் காட்டினோம்."

"அப்ப பால் ஆனியிலயே காச்சியாச்சி. வேலை ஆனியிலயே ஆரம்பிச்சாச்சி. இன்னிக்கு சாமான் ஏத்தறோம், அவ்ளோதான்."

கங்கம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவன் இரண்டாவது தறியையும் நிறுத்திவிட்டு முதல் தடவையாக நிமிர்ந்தான். "மேடம் சொல்றதும் சரிதான்மே" என்றான். வாசலில் நின்ற அம்மாக்களுக்குள் சலசலப்பு. தங்கள் வீட்டிலும் பேப்பரைச் சாமி முன்னால் வைத்தோமா, எந்தக் கிழமை வைத்தோம் என்று கணக்குப் பார்த்தார்கள். வைக்காத வீடே இல்லை. ஒருத்தி குங்குமம் வைத்ததாகச் சொன்னாள், இன்னொருத்தி ஆறுமுகசாமிக்கு முடிந்துவைத்த மஞ்சள் துணியிலேயே பேப்பரையும் சேர்த்து முடிந்திருந்தாள். சிட்டிபாபு தெருக்கோடி வரை ஓடி, இதே கணக்கைச் சொல்லி எல்லா வீட்டிலும் பாலைக் காய்ச்சிவிட்டு வந்தான்.

ஒரு மணி நேரத்தில் பஸ்ஸில் இருக்கைகள் நிறைந்தன. டிபன் டப்பா, போர்வை மூட்டை, ஊறுகாய் பாட்டில், அழுகிற தம்பி தங்கைகள். இரண்டு வீட்டில் மட்டும் பேச்சுக்கு மசியவில்லை. போகட்டும், தேவயானியோடு சேர்த்துச் சரியாக இருபது. தேவசேனாவுக்கு அந்த நேரத்தில் பசிகூட எடுத்தது. யாரோ கொடுத்த முறுக்கைக் கடித்துக்கொண்டே சுரேஷ்பாபுவுக்கு போன் போட்டு, இந்தத் தடவை உண்மையாகவே, கிளம்பிவிட்டோம் என்றாள்.

எல்லாரும் ஏறிய பிறகும் தேவயானி மட்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்குப் பக்கத்திலேயே நின்றாள். சிவந்த, ஒல்லியான பெண். இன்டர்வியூவில் முதலாவதாக வந்தவள். கம்பெனிக்காரர்கள் அவளைப் பார்த்துத்தான் மற்றவர்களையும் எடுத்துக்கொண்டார்கள்.

"ஏறும்மா, டைமாச்சி."

"மேடம், எனக்கு இந்த வேலை வேணாம்."

"ஆடி பேச்சுதான் முடிஞ்சி போச்சே."

"அது எங்கம்மாவுக்கு மேடம். எனக்கு ஆடி ஒண்ணும் கெடையாது. எனக்கு ஐ.டி.ஐ.ல எலக்ட்ரீசியன் சேரணும். இந்த மாசம்தான் அட்மிஷன். கரென்ட் கம்பம் ஏறணும் மேடம், லைன்மேன் வேலைக்கு. அந்த ஃபேக்டரியை ஒரு நாள் சுத்திக் காட்டினீங்களே, ஒரு ஸ்குரு கையில குடுத்து, நாள் பூரா அதே ஸ்குருதான்னாங்க. அன்னிக்கே வேணாம்னு தோணிடுச்சி."

தேவசேனாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பத்தொன்பது. இவள் ஒருத்தியால் பத்தொன்பது. எத்தனை மாசம் பயிற்சி, எத்தனை தடவை திருப்பதிக்கு அலைச்சல், ஒரு பெண் ஒரு நாளாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா?

"இதை இப்பவா சொல்றது? ரெண்டு வருஷம் இருப்பியான்னு இன்டர்வியூல கேட்டாங்களே, அப்ப இன்னா சொன்னே?"

"எஸ் சார்னு சொன்னேன்."

"நைட் ஷிஃப்ட்டுக்கு?"

"எஸ் சார்."

"ஏன் சொன்னே?"

"நீங்கதானே மேடம் சொல்லிக் குடுத்தீங்க. எதைக் கேட்டாலும் மொதல்ல எஸ் சொல்லு, அப்புறமா யோசின்னு. நோ சொல்றவங்களுக்கு வேலை கெடைக்காதுன்னு போர்டுலயே எழுதிப் போட்டீங்க. இன்னா வேலை வேணும்னு யாரும் எங்களைக் கேக்கல. கேட்டா எப்படிச் சொல்றதுன்னும் சொல்லித் தரல. ஆடி பொறந்ததும் அப்பாடான்னு இருந்திச்சி. அதையும் நீங்க பால் கணக்கு சொல்லி எடுத்துட்டீங்க."

அந்தப் பெண்ணின் குரலில் குற்றம் சாட்டுகிற தொனிகூட இல்லை. வகுப்பில் கேள்விக்குப் பதில் சொல்கிற அதே குரல். தேவசேனா சுற்றும் முற்றும் பார்த்தாள். ரெண்டு மாசம் போய் வேலை செய்துவிட்டு வந்துவிடு, இருபது பெயர் ஏறட்டும், மையம் பிழைக்கட்டும், அடுத்த வருஷம் நானே உன்னை ஐ.டி.ஐ.யில் சேர்க்கிறேன். சொல்ல வேண்டிய வாக்கியம் முழுசாக நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நியாயமான வாக்கியம்தான், அவளுக்கே அப்படித்தான் பட்டது.

அவள் வாயைத் திறப்பதற்குள் தேவயானியே சொன்னாள். "நீங்க ஏறுன்னு சொன்னா ஏறிடறேன் மேடம்."

சொன்னதோடு நிற்காமல் ஒரு காலைப் படியிலும் வைத்துவிட்டாள். உத்தரவுக்காகக் காத்திருந்த அந்தச் செருப்புக் காலைப் பார்த்ததும் தேவசேனாவுக்குத் தன் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. இத்தனை வருஷமும் இதையா தயார் செய்துகொண்டிருந்தோம் என்று நினைத்தாள்.

"எறங்கு" என்றாள்.

கங்கம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "இன்னா மேடம், அவளை ஏத்தலயா?"

"அவ எலக்ட்ரீசியன் படிக்கணுமாம். அப்ளிகேஷன் நான் பாத்துக்கறேன்."

"அதுவும் ஆடியிலதானே மேடம் வருது."

"அதை நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்குங்க" என்று சொல்லிவிட்டு தேவசேனா பஸ்ஸில் ஏறினாள்.

டிரைவர் இன்ஜினைக் கிளப்பினார். சிட்டிபாபு பின்னாலேயே ஏறி, புத்தூரில் பழைய பேட்ச் பெண் ஒருத்தி சும்மாதான் இருக்கிறாள், போன் போட்டால் வழியில் ஏறிக்கொள்வாள், இருபது ஆகிவிடும் என்று காதோரம் சொன்னான். சாமர்த்தியசாலிதான். இப்போது அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. முன் இருக்கையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மதியத்துக்குள் இருபது பெயரும் கம்ப்யூட்டரில் ஏறிவிடும், மையம் நிற்கும், மிஷின்கள் நகரியிலேயே இருக்கும்.

அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பெண்களைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன். இந்த வேலைக்குப் போறதுல உங்களுக்கெல்லாம் நெஜமாவே இஷ்டமா?" தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை கேட்டாள்.

"எஸ் மேடம்" என்றார்கள் பத்தொன்பது பேரும். ஒரே குரல். முதுகு நிமிர்ந்து, கை மடியில் சேர்ந்து, உதட்டில் அளவான சிரிப்பு. கார்வேட்டிநகரம், நகரி என்று எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தது, அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார்கள். இதில் யாருக்கு உண்மையிலேயே வேலை வேண்டும், யார் தேவயானி மாதிரி என்று கண்டுபிடிக்க எந்த வழியும் இல்லை.

"டிரைவர், இன்ஜினை நிறுத்துங்க."

"மேடம், நாலு மணி…" என்று ஆரம்பித்தான் சிட்டிபாபு.

"நீ கீழ எறங்கி நில்லு. நான் கூப்பிடற வரைக்கும் யாரும் ஏறக்கூடாது. சுரேஷ்பாபு போன் பண்ணா, லேட்டாவும்னு சொல்லு. எத்தினி பேர்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லு."

கதவு சாத்தியதும் பஸ்ஸுக்குள் புழுக்கமாக இருந்தது. தேவசேனா முதல் இருக்கையில் இருந்த மூட்டையை நகர்த்திவிட்டு, ஜன்னலோரம் இருந்த தாட்சாயணி என்ற பெண்ணுக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தாட்சாயணி, இங்க யாரும் மார்க் போடல. யாரும் உன்னைத் திட்டமாட்டாங்க. உனக்கு இன்னாம்மா வேணும்?"

என்ன சொன்னால் சரியாக இருக்கும் என்று தாட்சாயணி தேவசேனாவின் முகத்திலேயே தேடிக்கொண்டிருந்தாள்.